பன்னிரண்டு கும்பிடு

"…கும்பிட்ட கை, கும்பிட்ட கை, கும்பிட்ட கை. எண்ணிப் பாத்தேன் தங்கச்சி, மொத்தம் பன்னெண்டு. அதுக்கப்புறம் 'முக்கிய அறிவிப்பு, கீழே பாருங்க'ன்னு படிச்சிச்சு. சரி, கீழ என்னமோ இருக்குன்னு வெரல வச்சா, 'படம்'னு ஒரே வார்த்த. அதோட வாய மூடிக்கிச்சு. என்னடா இது, பன்னெண்டு தடவ கும்பிட்டுட்டு ஒண்ணுமே சொல்லாம போறாங்களேன்னு எனக்குச் சிரிப்பா வந்திருச்சு…"

கடையின் பின்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தேன். கையில் குழம்பு. அதனால் எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் அக்கா அனுப்பியிருந்த குரல் பதிவை முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முன்னால் கல்லாவில் இருந்த முதலாளி அண்ணனுக்கும் அது கேட்டது.

"பாத்தியா, அக்கா போன்கூட நாம போட்ட கும்பிடெல்லாம் எண்ணி எண்ணிச் சொல்லுது" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவின் பேச்சே அப்படித்தான், கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தைக்குப் போவார்.

"தீபாவளி வாழ்த்தா தங்கச்சி? இவ்ளோ சீக்கிரமாவா? சரி சரி, ஒங்களுக்கும் வாழ்த்து. அன்னிக்கு வாங்குன முறுக்கு இன்னும் பிரிக்கல. மகளுக்கு இன்னியோட பரீட்ச முடியுது. ஸ்கூல்லேருந்து வந்ததும் எடுத்துக்கம்மான்னு மேச மேல வச்சிட்டு வந்திருக்கேன். அண்ணன்கிட்ட சொல்லிடு."

பதிவு முடிந்துவிட்டது. அண்ணன் சிரித்த வாயை மூட மறந்து என்னைப் பார்த்தார். நான் கையைக் கழுவாமலே போனை எடுத்துப் பார்த்தேன். அக்கா அதை அனுப்பியது பன்னிரண்டே முக்காலுக்கு. இப்போது மணி இரண்டு பத்து.

அந்தக் கும்பிடுகளைப் போட்டவள் நான். படத்தைச் செய்தவளும் நான்தான்.

ஐந்தாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். கடையில் பலகாரம் நிறுத்துப் போடத்தான் சேர்ந்தேன். கடைக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பிக்கலாம் என்று அண்ணன் ஒருநாள் சொன்னபோது, யாரும் சொல்லித்தராமல் போனை நோண்டி நோண்டி நானே கற்றுக்கொண்டேன். கோலம் போட்ட ஓரம், நடுவில் குத்துவிளக்கு, தங்க நிறத்தில் எழுத்து. சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுவேன். படத்துக்கு மேலே வெறும் பூவும் விளக்கும் கும்பிட்ட கையும்தான். இந்த ஊரில் நம் கடைகள் எல்லாமே அப்படித்தான் போடும். பக்கத்துக் கடைக்காரர்கள் என்னிடம் வந்து, எங்களுக்கும் ஒன்று செய்து கொடும்மா என்று கேட்கிற அளவுக்கு என் படங்களுக்கு ஒரு பெயர் இருந்தது.

முதல்நாள் காலையில் அக்கரையில் பிறை என்ற ஊரிலிருந்து எங்களுக்கு முறுக்கு போடுகிறவர் போன் செய்தார். வேர்க்கடலை மாவு அரைத்த மெஷினைச் சரியாகக் கழுவாமல் நம்முடைய முறுக்கு மாவையும் அதிலேயே அரைத்துவிட்டார்களாம். ஒரு தடவை போட்டதில் மட்டும்தான், பச்சை லேபிள் ஒட்டிய பாக்கெட்டுகளில் என்றார். அண்ணன் அந்த நிமிடமே பாக்கெட்டுகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விற்றுப்போனவை? யார் யார் வாங்கினார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஃபேஸ்புக் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டுவிடலாம் என்று முடிவானது.

"மன்னிப்புக் கேக்கறோம்மா. மொட்டையா எழுதுனா மரியாதையா இருக்காது" என்றார் அண்ணன். "நல்லா கும்பிடு போடு."

"எத்தன போட அண்ணே?"

"ஒரு டஜன் போடேன். ஒனக்கென்ன கையா வலிக்கப் போவுது?"

அப்புறம் கச்சாங் என்ற வார்த்தையைப் பெரிதாகப் போட வேண்டாம், பெருநாள் நேரத்தில் சனங்கள் பயந்துவிடுவார்கள் என்றார். இங்கே வேர்க்கடலையை எல்லோரும் கச்சாங் என்றுதான் சொல்வோம். நான் அதை இரண்டு விளக்குகளுக்கு நடுவே சின்னதாக எழுதினேன். சாயங்காலத்துக்குள் நிறைய பேர் லைக் போட்டிருந்தார்கள். சிலர் பதிலுக்குக் கும்பிட்டிருந்தார்கள். எங்கள் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

அக்காவுக்குக் கண் தெரியாது. அது எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். அவருடைய போன் பேசும் என்பதும் தெரியும். விரலை நகர்த்த நகர்த்த, திரையில் உள்ள எழுத்தையெல்லாம் அது கடகடவென்று ஒப்பிக்கும். "இதென்னக்கா, பஸ்ஸப் பிடிக்கப் போற மாதிரி பேசுது?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒன் கண்ணு ஓடுற வேகத்துக்கு என் காது ஓட வேணாமா?" என்றார். யார் நன்றாக ஒரு வார்த்தை சொன்னாலும் ஆர்டர் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அக்கா சொன்ன அதையும் எழுதிவைத்தேன். எழுதினேனே தவிர, எழுத்தைப் படத்துக்குள் வைத்துப் பூட்டினால் அந்தக் காது எதைப் பிடித்துக்கொண்டு ஓடும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

அக்காவின் இடது மணிக்கட்டில் வளையலோடு எப்போதும் நாலைந்து ரப்பர் பேண்டும் கிடக்கும். மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. சின்ன வயதில் ஒருமுறை மூச்சு முட்டி ஆஸ்பத்திரி வரை போய்வந்த பிள்ளை. அதனால் கடையில் எந்தப் பாக்கெட்டை வாங்கினாலும் உடனே அதன் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது லேபிளைப் படித்துக் காட்டிய பிறகுதான் கழற்றுவார். ரப்பர் பேண்டு இருந்தால் அந்தப் பிள்ளை தொடாது. அந்த வீட்டின் சட்டம் அது.

எங்கள் கடையில் மட்டும் அவர் ரப்பர் பேண்டு போட்டதே இல்லை. "கச்சாங் ஒண்ணும் இல்லல்ல அண்ணே?" என்று கேட்பார். "நம்ம முறுக்குலயா? வாசங்கூடக் கெடையாது" என்பார் அண்ணன். அவ்வளவுதான். "அண்ணன் வாய்தான் எனக்கு லேபிளு" என்று சொல்லி, பாக்கெட்டை அப்படியே பைக்குள் போட்டுக்கொள்வார்.

அந்தப் பாக்கெட்டுதான் இப்போது மேசை மேல் இருந்தது. ரப்பர் பேண்டு இல்லாமல்.

அக்காவின் கைப்பேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் டெலிபோன் ஆப்பரேட்டர் அவர். வேலை நேரத்தில் சொந்தப் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அது நினைவுக்கு வர எனக்கு மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. ஹோட்டல் நம்பரைத் தேடி எடுத்து அடித்தேன். இரண்டாவது மணியிலேயே, "செலாமாட் பெத்தாங்" என்று மலாயில் வணக்கம் சொல்லி, பன்னீர் தெளித்த மாதிரி ஒரு குரல். அக்காதான்.

"அக்கா, நான்தான், முறுக்குக் கடை."

"ஏ தங்கச்சி, இது ஆபீஸ் லைன்லா! சீக்கிரம் சொல்லு, சூப்பர்வைசர் பக்கத்துலயே நிக்கிறா."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. கச்சாங் என்ற வார்த்தையை இந்தத் தடவை சின்னதாகச் சொல்லவில்லை.

அவருக்குப் பின்னால் வேறு ஏதோ லைன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"ரெண்டு மணிக்கு வேன் எறக்கி விட்டிருக்கும்" என்றார். குரலில் பன்னீர் போயிருந்தது. "பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் பட்டர்வொர்த்துக்குப் போயிருக்காங்க. புள்ள தனியா இருக்கு. நீ போ. அன்னிக்கு என்னை எறக்கி விட்டியே, அதே பிளாட், எட்டாவது மாடி. நான் வீட்டுக்கு அடிச்சிக்கிட்டே இருக்கேன்."

போன் வைக்கப்பட்டது.

அண்ணன் கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டிருந்தார். பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில், பட்டப்பகலில் அந்தக் கதவு இறங்கி நான் பார்த்ததில்லை. உள்ளே பூந்தி நிறுத்துத் தரச் சொல்லிக் காத்திருந்த ஒருவரிடம், "எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு என் காரில் வந்து ஏறினார்.

அக்கா வீடு இருக்கிற ஆயர் ஈத்தாமுக்குப் போகிற சாலை அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் எங்களுக்கு முன்னால்தான் நின்றன. ஒவ்வொரு வேனுக்குள்ளும் நீலப் பினஃபோர் போட்ட பிள்ளைகளைப் பார்த்தேன். இன்னும் இறங்காமல் இதில் எதிலாவது இருந்துவிடாதா என்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன்.

"அவ்ளோ பேரு லைக் போட்டாங்களேம்மா" என்றார் அண்ணன், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "ஊருக்கே தெரிஞ்சிருச்சின்னுதான நெனச்சோம்."

"தெரிஞ்சவங்க லைக் போட்டாங்க அண்ணே. தெரியாதவங்க எதுக்கு லைக் போடப் போறாங்க?"

அவர் என் போனைக் கையில் எடுத்தார்.

"இன்னொருத்தரும் இப்பிடி இருந்தா? எழுத்தாவே போட்டுடறேன். என்னன்னு எழுத?"

"பிறைக்காரர் போன வச்சதும் என்கிட்ட வாயால எப்பிடிச் சொன்னீங்க? அப்பிடியே எழுதுங்க."

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டினார். "பச்ச லேபிள் முறுக்குல… கச்சாங் கலந்துருச்சி… சாப்புடாதீங்க… கடைக்குத் திருப்பிக் கொண்டாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "கும்பிடு?"

"வேணாண்ணே."

சிவப்பு விளக்கில் நிற்கும்போதே பதில் ஒன்று வந்துவிட்டது. வயதான ஒருவர் எழுதியிருந்தார். நேற்றுப் படத்தைப் பார்த்தேன், எழுத்து பொடியாக இருந்ததால் வாழ்த்து என்று நினைத்து விட்டுவிட்டேன், வீட்டில் இரண்டு பாக்கெட் இருக்கிறது என்று. அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். கண் தெரிந்தவரே படிக்கவில்லை. பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் நான் காரை எடுத்தேன்.

அடுக்குமாடியில் இரண்டு லிப்டில் ஒன்று ரிப்பேர். இன்னொன்று ஐந்தாவது மாடியில் நின்று யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தது. நான் படியில் ஏறினேன். அறுபது வயது அண்ணனும் பின்னாலேயே ஏறினார். எட்டாவது மாடிக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் பேச மூச்சில்லை.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் மகள் நின்றாள். பதினொரு வயது. குளித்துவிட்டு வந்த ஈரத் தலை. உள்ளே மேசை மேல் பச்சை லேபிள் பாக்கெட் தெரிந்தது. மூலை வெட்டியிருந்தது.

"சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"நீங்க யாரு?"

"முறுக்குக் கடம்மா. அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க. அந்த முறுக்க சாப்பிட்டியா?"

"அம்மா யார் வந்தாலும் கதவத் தெறக்காதேன்னு சொன்னாங்க." நல்ல பிள்ளை. அந்த நிமிடத்தில் மட்டும் அவள் அவ்வளவு நல்ல பிள்ளையாக இல்லாமல் இருந்திருக்கலாம். பேசும்போதே புறங்கையால் உதட்டைத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

வீட்டுப் போன் அடித்தது. குளியலறையில் இருந்ததால் இவ்வளவு நேரம் அவளுக்கு அது கேட்டிருக்காது. ஓடிப்போய் எடுத்தாள்.

"ம்… ஆமா… ஒண்ணு. இல்லம்மா, பாதிதான். வாய் ஒரு மாதிரி இருந்துச்சு, வச்சிட்டேன்." அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "ம். ரெண்டாவது டிராயர். ரெண்டு ரப்பர் பேண்டு போட்டது."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு டிராயரைத் திறந்தாள். கழுத்தில் இரண்டு ரப்பர் பேண்டு சுற்றிய மருந்து பாட்டில். அம்மா சொல்லச் சொல்ல அவளே ஊற்றிக் குடித்தாள். பிறகு அம்மா கதவைத் திறக்கச் சொன்னார் போலிருக்கிறது. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாவியை எடுத்து வந்தாள். அதற்குள் மேல் உதடு வீங்கத் தொடங்கியிருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டார். லிப்ட் இந்தத் தடவை எட்டாவது மாடியிலேயே நின்றது. நான் நம்புகிற எல்லாச் சாமியையும் அந்த லிப்டுக்குள் கூப்பிட்டேன். அவளோ அண்ணன் தோளில் இருந்தபடி, "மூச்சு விட ஒரு மாதிரியா இருக்கு" என்று நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது.

கீழே கடை வரிசையில் ஒரு கிளினிக் இருந்தது. டாக்டர் பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஊசி போட்டார். அங்கிருந்து ஆம்புலன்சில் ஆஸ்பத்திரி. அதில் நான் ஏறினேன். அண்ணன் காரில் பின்னாலேயே வந்தார். பாதி வழியில் அவள் உள்ளங்கையின் சூடு கொஞ்சம் தணிந்தது. "என் பரீட்சைத் தாள் பேக்லயே இருக்கு" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மகளைக் கவனிப்பில் வைத்திருந்த அறைக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அக்கா வந்து சேரும்போது மணி நாலாகப் போகிறது. ஹோட்டல் சீருடை, தோளில் பை. வெள்ளைக் கோல் தரையைத் தட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் ஒருத்தி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கதவு திறந்திருந்ததால் பார்த்தேன். அக்கா மகளின் நெற்றியைத் தொடவில்லை, கன்னத்தைத் தொடவில்லை. நேராக உதட்டை விரலால் தடவி, வீக்கம் எவ்வளவு என்று பார்த்தார். பிறகு மகளின் மார்பில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

வெளியே வந்தபோது அண்ணன் எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர். வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கூப்பிய கையோடு அப்படியே நின்றார்.

அக்கா கோலை நீட்டி வழி பார்த்தார். கோல் அண்ணனின் செருப்பில் இடித்தது. "யாரு? கொஞ்சம் வழி விடுறீங்களா?" என்றார்.

அண்ணன் கூப்பிய கையை இறக்கவில்லை. என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கவே இல்லை. எனக்கு விளங்கியது. முதல்நாள் என் போனில் நான் செய்ததையே அவர் இப்போது ஆஸ்பத்திரி நடையில் நின்று செய்துகொண்டிருந்தார்.

"அண்ணே" என்றேன் மெதுவாக. "வாயத் தெறந்து சொல்லுங்கண்ணே."

கையை இறக்கினார். "நான்தாம்மா" என்றார். "தப்பு எங்க மேலதான். மன்னிச்சிடும்மா."

"அண்ணனா?" என்றார் அக்கா. குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். "தண்ணி எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். நான் வாங்கிவந்து கொடுத்தேன்.

மறுநாள் மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் நான்கு நாள் உட்கார்ந்து பழைய பதிவுகளை எல்லாம் திறந்து, படத்துக்குள் கிடந்த எழுத்தை வெளியே எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று எழுதுவதற்குப் போனிலேயே ஓர் இடம் இருந்திருக்கிறது. இத்தனை வருடமும் அதை வெறுமையாக விட்டு அடுத்த பொத்தானைத் தட்டியிருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரே எழுத்தா இருக்கு, அழகே போச்சே" என்றார்கள். ஒருவருக்கு மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் தன் கடையின் பக்கத்தைத் திறந்து போனை என்னிடம் நீட்டினார்.

தீபாவளிக்கு இரண்டு நாளைக்கு முன்னால் அக்கா கடைக்கு வந்தார். வருவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கல்லா மேல் கையை வைத்து நின்று, போனை எடுத்து, எங்கள் பக்கத்தைத் திறந்து கேட்டார். கடகடவென்று அது ஒப்பித்தது. இன்றைக்கு என்னென்ன பலகாரம், எதில் என்ன மாவு, எதில் கச்சாங் உண்டு, எதில் இல்லை. பிறகு படத்தைச் சொன்னது: எவர்சில்வர் தட்டில் முறுக்கு, பக்கத்தில் ஒரு விளக்கு. கடைசியில் ஒரே ஒரு கும்பிட்ட கை. அதை அண்ணன் கெஞ்சிக் கேட்டு வைக்கச் சொன்னார்.

"ஒண்ணுதானா?" என்றார் அக்கா. உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"ஒண்ணுதாங்க்கா" என்றேன்.

"முறுக்கு ஒரு பாக்கெட்டு குடுங்கண்ணே." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "கச்சாங் இருக்கா?"

எட்டு வருடமாக யோசிக்காமல் பதில் சொன்ன அண்ணன், பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, லேபிளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சத்தமாகப் படித்தார். காலையில் பிறைக்கு அடித்துக் கேட்டதையும் சொன்னார். பிறகுதான், "இல்லம்மா" என்றார்.

அக்கா தலையசைத்தார். பாக்கெட்டைக் கையில் வாங்கினார். இடது மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை உருவி, அதன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டார்.